21 வருடத்துக்குப் பிறகு மறுபடியும் பலகையில் ஏறலாமா?

கேள்வி:

அக்கா, வணக்கம். எனக்கு 41 வயது. ஏழு வயதில் யாழ்ப்பாணத்தில் இருந்து லண்டனுக்கு வந்தேன். வளர்ந்தது முழுக்க ஹரோவில். 12 வயதில் இருந்து 20 வயது வரைக்கும் ஸ்கேட்போர்ட்தான் என் உலகம். பள்ளிக்கூடம் விட்டால் ஹரோ ஸ்கேட் பார்க், சனிக்கிழமை என்றால் சவுத்பாங்க். பிறகு அப்பாவுக்குச் சுகமில்லாமல் போனது, வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று அப்படியே விட்டுப்போனது. இப்போது சொந்தமாக எலெக்ட்ரிஷன் வேலை செய்கிறேன். மூன்று கிழமைக்கு முதல் மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு போர்ட் வாங்கிக் கொடுத்தேன். அவளுக்குக் காட்டுவதற்காக வீட்டுக்குப் பின்னால் உள்ள கார் பார்க்கில் நானும் ஏறினேன். பத்து நிமிடம் நன்றாக ஓடினேன். கடைசியில் ஓலி அடிக்கப் பார்த்து விழுந்துவிட்டேன். ஆனாலும் அன்றிரவு சந்தோஷத்தில் நித்திரை வரவில்லை. திரும்பத் தொடங்க ஆசையாக இருக்கிறது. மனைவி "இந்த வயதில் உங்களுக்கு என்ன விசரா" என்று கேட்கிறா, அம்மாவும் அவவின் பக்கம். 19 வயதில் வலது கணுக்கால் ஒருமுறை மோசமாகச் சுளுக்கியது. இப்போது விழுந்ததில் இருந்து இடது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் கொஞ்சம் நோகிறது, பெரிதாக ஒன்றும் இல்லை. பார்க்கில் பெடியளுக்கு நடுவே போய் நிற்கவும் கூச்சமாக இருக்கிறது. அம்மா வீட்டு லொஃப்ட்டில் என் பழைய போர்ட் இன்னும் கிடக்கிறது. அதைப் பாவிக்கலாமா?

பதில்:

தம்பி, தொடங்கலாம். இதைக் கேட்கத்தானே இவ்வளவும் எழுதினீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். எப்படித் தொடங்குவது என்பதைப் பிறகு விவரமாகச் சொல்கிறேன். இப்போது எனக்குக் கவலை, போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போன அந்த இடது மணிக்கட்டைப் பற்றித்தான்.

விழுந்து மூன்று கிழமை ஆகிறது. சாதாரணச் சுளுக்கு என்றால் இந்நேரம் நன்றாக அடங்கியிருக்க வேண்டும். இதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று செய்து பாருங்கள். இடது கட்டைவிரலை மேலே நிமிர்த்தி, இறுக்கிப் பின்னால் இழுத்துப் பிடியுங்கள். அதன் அடியில், மணிக்கட்டு தொடங்கும் இடத்தில், கயிறு போல இரண்டு தசைநாண்கள் எழும்பி நிற்கும், அவற்றுக்கு நடுவே ஒரு சிறு பள்ளம் விழும். வலது சுட்டுவிரல் நுனியால் அந்தப் பள்ளத்துக்குள் அழுத்துங்கள். பிறகு மற்றக் கையிலும் அதே இடத்தை அதே அளவுக்கு அழுத்துங்கள். வலது பக்கம் சும்மா இருக்க, இடது பக்கம் அழுத்தும்போது முகம் சுளிக்கிறதா? அப்படியென்றால் நாளைக்கே போய்ப் படம் எடுக்க வேண்டும். என்.எச்.எஸ் என்ற அரச சுகாதார சேவையின் 111 இலக்கத்துக்கு அழைத்தால் உங்களுக்குக் கிட்ட எங்கே எக்ஸ்ரே எடுக்கலாம் என்று சொல்வார்கள்.

அந்தப் பள்ளத்தின் அடியில் இருப்பது படகெலும்பு. ஒரு கஜுக்கொட்டை அளவுதான். கையை ஊன்றி விழும்போது உடம்பின் பாரத்தில் பெரும்பகுதி இந்தச் சின்ன எலும்பின் மேல் வந்து இறங்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. இதற்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையால் நுழைந்து பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் வெடிப்பு விழுந்தால் முழங்கைப் பக்கத்துத் துண்டுக்கு இரத்தம் நின்றுபோகலாம். அப்படி நின்றால் எலும்பு ஒட்டாது, சில வேளை அந்தத் துண்டு செத்தும் போகும். அதோடு, இந்த முறிவு முறிவு போலவே இருக்காது. கை கோணாது, வீக்கமும் பெரிதாக இருக்காது, வேலையும் ஒருவாறு செய்யலாம். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு. ஆகவே படம் சுத்தம் என்று சொன்னாலும், பள்ளத்தில் நோ இருந்தால் "எம்.ஆர்.ஐ எடுக்க வேண்டுமா?" என்று வாய் திறந்து கேளுங்கள்.

பல வருடங்களுக்கு முதல் ஒரு சமையற்காரர் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். பனியில் சறுக்கி விழுந்து ஏழு மாதம் கழித்து. ஊறுகாய்ப் போத்தலின் மூடியைத் திருக முடியவில்லை என்றுதான் வந்தார். ஏழு மாதமும் அந்தக் கையால் வெங்காயம் வெட்டியிருக்கிறார். கடைசியில் இடுப்பெலும்பில் இருந்து ஒரு துண்டை எடுத்து மணிக்கட்டில் வைத்துத் திருகாணி போட வேண்டி வந்தது. முதல் கிழமையே வந்திருந்தால் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டரோடு முடிந்திருக்கும். நீங்களோ கையால் பிழைக்கிற ஆள், ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிற கை. உங்கள் மணிக்கட்டு வெறும் சுளுக்காகவே இருக்கட்டும் என்று நானும் விரும்புகிறேன். ஆனால் பார்த்துவிட்டு நிம்மதிப்படுவோம். அது தெரியும் வரைக்கும் பலகையில் ஏற வேண்டாம்.

சரி, இனி நீங்கள் கேட்ட விஷயம்.

வயது ஒரு தடையா என்றால், இல்லை. பாரிஸில் 2024இல் நடந்த ஒலிம்பிக்கில் பிரித்தானிய ஸ்கேட்போர்ட் அணியில் அண்டி மக்டொனால்ட் என்பவர் ஓடினார். அவருக்கு 51 வயது. அதே அணியில் வெண்கலம் வென்ற ஸ்கை பிரவுனுக்கு 16. தென்னாபிரிக்காவின் டலஸ் ஓபர்ஹோல்சர் 49 வயதில் அதே போட்டியில் இறங்கினார். இவர்கள் நடுவில் விடாமல் ஓடியவர்கள், உங்கள் நிலை வேறு என்பது எனக்குத் தெரியும். நாற்பது தாண்டிய முழங்காலும் கணுக்காலும் இந்த விளையாட்டைத் தாங்கும் என்பதற்காகத்தான் அவர்களைச் சொல்கிறேன். நாட்டுக்காக ஓடுகிற அளவுக்கே தாங்குகிறது. ஹரோ பார்க்கில் ஒரு ஞாயிறு காலைக்குத் தாங்காதா?

தடை வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: "பத்து நிமிடம் நன்றாக ஓடினேன். கடைசியில் ஓலி அடிக்கப் பார்த்து விழுந்துவிட்டேன்." 21 வருடம் தொடாத ஒருவர் பத்தாவது நிமிடத்தில் பலகையோடு சேர்ந்து துள்ளப் பார்த்திருக்கிறார், அதுதானே ஓலி. புதிதாகப் பழகுகிற 41 வயதுக்காரர் ஒருவர் இதைக் கனவிலும் செய்யமாட்டார். அவர் முதல் மாதம் முழுக்கப் பயந்து பயந்து நேராக ஓடவே பழகுவார். உங்களுக்கோ எல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான். சைக்கிள் ஓடுவதைப் போல, நீந்துவதைப் போல, இந்த வித்தையும் மூளையில் பதிந்து கிடக்கிறது. அது அழிவதில்லை. பலகையில் கால் வைத்த உடனே 20 வயதில் விட்ட இடத்தில் இருந்து அது தொடங்கப் பார்க்கும். ஆனால் அந்த உத்தரவை நிறைவேற்ற வேண்டிய குதிநாணும் முழங்காலும் 21 வருடமாக வான் ஓடிக்கொண்டும், ஏணியில் ஏறிக்கொண்டும், சோஃபாவில் இருந்துகொண்டும் வந்தவை.

எனக்கு ஸ்கேட்போர்ட் ஓடத் தெரியாது. ஆனால் அந்த நித்திரை வராத இரவு எனக்குத் தெரியும். ஊரில் சின்ன வயதில் ஒன்பது வருடம் பரதம் பழகினேன். பிறகு இடப்பெயர்வு, படிப்பு, இந்த நாட்டு வாழ்க்கை. 38 வயதில் மகளை வகுப்புக்குக் கொண்டுபோய் விடப் போனவள், டீச்சர் கேட்டதும் நானும் சேர்ந்தேன். தட்டடவை முதலாம் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், ஆறுதலாகத் தொடங்குங்கள் என்றுதான் அவ சொன்னா. அரைமண்டியில் இருந்த உடனே எனக்குக் கால் தானாகவே இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று போனது. ஒரு அடவும் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன், அவ்வளவு சந்தோஷம். மூன்றாவது கிழமை வேலைக்குப் போகையில் ஸ்டேஷன் படியில் இறங்கும்போது முழங்கால் சில்லுக்குக் கீழே ஊசி குத்தினது போல ஒரு நோ. அது முழுதாக மாற நான்கு மாதம் எடுத்தது. அந்த நான்கு மாதமும் முதலாம் காலத்தில்தான் ஆடினேன். இப்போது மூன்றாம் காலமும் ஆடுகிறேன்.

இதற்குக் காரணம் இதுதான். தசை கெதியாகத் திரும்பி வரும், ஆறு எட்டுக் கிழமையில் உங்களுக்கே பலம் தெரியும். தசையை எலும்போடு கட்டுகிற தசைநாண் அப்படியல்ல. அதற்கு இரத்த ஓட்டம் குறைவு, தன்னைப் புதுப்பித்துக்கொள்வதும் ஆறுதலாகத்தான். பாரத்துக்குப் பழக அதற்கு மூன்று மாதமாவது வேண்டும். ஆகவே இரண்டாவது மாதம் அளவில்தான் கவனம் கூட வேண்டும். 'இப்போது நல்லாக வந்துவிட்டது' என்று தோன்றும், தொடையில் பலம் இருக்கும், குதிநாண் இன்னும் தயாராக இருக்காது. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் கன காலத்துக்குப் பிறகு பட்மின்ரன், உதைபந்தாட்டம் என்று இறங்கிக் குதிநாண் அறுந்து வருவதை என் வேலையில் நிறையப் பார்க்கிறேன். எல்லோரும் ஒரே கதைதான் சொல்வார்கள்: பின்னால் இருந்து யாரோ காலில் உதைத்தது போல இருந்தது, திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை.

மணிக்கட்டு சுத்தம் என்று தெரிந்த பிறகு, முதல் ஆறு கிழமை சமதரைதான். தள்ளுவது, திரும்புவது, நிற்பாட்டுவது, பலகையின் பின்முனையான வாலை அழுத்தி முன்சில்லைத் தூக்கித் திருப்புவது, அவ்வளவும் போதும். கிழமைக்கு இரண்டு நாள், ஒரு தரம் 25 நிமிடம், நடுவில் இரண்டு நாள் ஓய்வு. இது குறைவாகத் தெரியும். ஆனால் தள்ளும்போது என்ன நடக்கிறது என்று யோசியுங்கள்: பலகையில் நிற்கிற கால் ஒவ்வொரு தள்ளலுக்கும் தனியாக மடங்கி உடம்பு முழுவதையும் தாங்கி எழும்புகிறது. 25 நிமிடத்தில் அந்தக் கால் நூற்றுக்கணக்கான தடவை ஒற்றைக்காலில் பாதி இருந்து எழும்பியிருக்கும். அடுத்த நாளை விட அதற்கடுத்த நாள் தொடை கூட நோகும், அது வழமை. ஒரு குறிப்பிட்ட புள்ளியில் நோ இருந்து, அடுத்த நாள் காலையிலும் அங்கேயே இருந்தால், அடுத்த முறை பாதி நேரம் மட்டும் ஓடுங்கள்.

ஓலிக்கு எப்போது போகலாம் என்று கேட்பீர்கள். நாட்கணக்கு சொல்லமாட்டேன், கால் சொல்லட்டும். சுவரை விரல் நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று குதியை முழுதாக உயர்த்தி ஆறுதலாக இறக்குங்கள். ஒரே மூச்சில் 20 தரமாவது ஒவ்வொரு காலிலும் வர வேண்டும். இன்றைக்குச் செய்து பார்த்தால் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டில் கெண்டைக்கால் நடுங்கும். சுளுக்கிய வலது பக்கம் இன்னும் குறையலாம். இரண்டு காலும் ஒரே எண்ணிக்கைக்கு வந்து, ஒற்றைக்காலில் இருந்த இடத்திலேயே பத்துத் துள்ளல் துள்ளி நோகாமல் நின்றீர்கள் என்றால், ஓலி அடியுங்கள். முதலில் புல்லில், போர்ட் உருளாத இடத்தில்.

அந்தப் பழைய கணுக்கால் சுளுக்கைப் பற்றி ஒன்று. சுளுக்கு மாறினாலும், கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிற உணர்வு பலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. அதனால்தான் சுளுக்கிய கணுக்கால் மறுபடி சுளுக்குகிறது. இதைத் திருத்தத் தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. பல் தீட்டும்போது காலையில் வலது காலிலும் இரவில் இடது காலிலும் நில்லுங்கள். இரண்டு கிழமைக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள், ஒரு கை வாஷ் பேசினுக்குக் கிட்ட இருக்கட்டும். முதல் சில மாதம் லேஸ் கட்டுகிற கணுக்கால் உறை ஒன்று போட்டுக்கொள்வதும் நல்லது, மறுசுளுக்கை அது நன்றாகவே குறைக்கிறது. ஓட்டச் சப்பாத்தோடு ஏற வேண்டாம். அதன் தடித்த மெத்தைக் குதி கணுக்காலைப் பக்கவாட்டில் புரட்டிவிடும். அடிப்பகுதி தட்டையான சப்பாத்துத்தான் வேண்டும், இது உங்களுக்கு என்னை விடத் தெரியும்.

விழப் பழகுங்கள். சிறுவயதில் உங்களுக்கு இது தானாக வந்தது. பெடியள் விழுந்தால் உருண்டு எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். பெரியவர்கள் விழுவதில்லை, விழாமல் இருக்கப் போராடுகிறார்கள். கை நேராக விறைத்துப் பின்னால் போகிறது, அந்தக் கையில்தான் படகெலும்பு முறிகிறது. மகளையும் கூட்டிக்கொண்டு புல்வெளிக்குப் போய், முதலில் குந்தியிருந்து, பிறகு நின்று, கையை நெஞ்சோடு மடித்து, தோளால் விழுந்து முதுகில் உருண்டு பழகுங்கள். அவளுக்கு அது விளையாட்டு. உங்களுக்குப் பத்துத் தரம் செய்தால் தலை சுற்றும், பரவாயில்லை, நாளைக்கு இன்னும் பத்து. விழப்போகிறது என்று தெரிந்தால் முழங்காலை மடித்து உடம்பைத் தாழ்த்துங்கள். தாழ்ந்து விழுந்தவருக்கு அடி குறைவு.

மணிக்கட்டுக் காப்பு போடுங்கள். உங்கள் காலத்தில் சவுத்பாங்கில் அதைப் போட்டுக்கொண்டு ஒருவரும் நின்றிருக்கமாட்டார்கள் என்று தெரியும். ஆனால் உள்ளங்கையில் இருக்கிற அந்தத் தகடு தரையில் சறுக்கிப்போகும், அதனால் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்காது. வாங்கும்போது ஈஎன் 14120 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். தலைக்கவசத்துக்கு ஈஎன் 1078. சைக்கிளுக்கும் ஸ்கேட்போர்ட்டுக்கும் பொதுவான அளவுகோல் அது. பெலமாக ஒரு அடி பட்ட கவசத்தை வெளியில் கீறல் இல்லாவிட்டாலும் மாற்ற வேண்டும், உள்ளே நுரை நசுங்கியிருக்கும். தலை அடிபட்டு வாந்தி, கூடிக்கொண்டே போகிற தலையிடி, தூக்கக் கலக்கம் இதில் எது வந்தாலும் வீட்டில் படுத்துப் பார்க்க வேண்டாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவு.

எங்கள் ஆட்களுக்கென்று சொல்ல வேண்டியது இரண்டு உண்டு. ஒன்று விற்றமின் டி. இந்த நாட்டு வெயில் எங்கள் தோலுக்குக் காணாது. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லோரும் தினமும் 10 மைக்ரோகிராம் எடுப்பதை யோசிக்கச் சொல்லும் என்.எச்.எஸ், கருமையான தோல் உள்ளவர்கள் வருடம் முழுக்கவே எடுப்பதை யோசிக்கச் சொல்கிறது. எலும்பு பலமாக இருக்க இது முக்கியம். மற்றது சீனி வருத்தம். அப்பாவுக்கு என்ன சுகமில்லாமல் போனது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் எங்கள் குடும்பங்களில் இது இல்லாத வீடு குறைவு. இரத்தத்தில் சீனி கூடியிருந்தால் காயம் ஆறச் சுணங்கும், பாதத்தில் உணர்வும் குறையும், தசைநாணும் விறைக்கும். இங்கிலாந்தில் 40 வயது தொடங்கி 74 வரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இலவச உடல்நலப் பரிசோதனை இருக்கிறது. உங்களுக்கு 41, கடிதம் வந்தும் மேசையில் கிடக்கிறதோ தெரியாது. போய்ச் செய்துகொள்ளுங்கள்.

இப்போது உங்கள் மனைவி. அவவின் பயத்தை வெறும் வயதுப் பேச்சாக எடுக்க வேண்டாம், தம்பி. சொந்தத் தொழில் செய்பவருக்கு நோய்விடுப்புச் சம்பளம் கிடையாது. படகெலும்பு முறிந்தால் ஆறு தொடக்கம் பன்னிரண்டு கிழமை பிளாஸ்டர். அந்த மூன்று மாத வாடகையை, மோட்கேஜை யார் கட்டுவது என்பதுதான் அவவின் "விசரா" என்ற சொல்லுக்குள் இருக்கிற கேள்வி. டோனி ஹாக் என்ற பெயரை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவரே 2022இல், 53 வயதில், தொடையெலும்பை முறித்தார். அது ஒட்டாமல் மறுபடியும் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தது. உலகத்திலேயே பேர்போன ஸ்கேட்டருக்கும் எலும்பு அதன் வேகத்தில்தான் ஒட்டும். ஆகவே மனைவியோடு இருந்து கதையுங்கள். படிக்கட்டில் குதிக்கப்போவதில்லை, கம்பியில் ஏறப்போவதில்லை, காப்புப் போடாமல் ஓடப்போவதில்லை என்று சொல்லுங்கள். வேலை செய்ய முடியாமல் போனால் வருமானம் தருகிற காப்புறுதி ஒன்று எடுப்பதைப் பற்றியும் பேசுங்கள், விளையாட்டுக் காயத்துக்கும் அது பொருந்துமா என்று கேட்டு எடுங்கள். சொந்தத் தொழில் செய்பவருக்கு ஸ்கேட்போர்ட் இல்லாவிட்டாலும் அது வேண்டியதுதான். அதோடு, அந்த நித்திரை வராத இரவைப் பற்றி எனக்கு எழுதினீர்களே, அதை அவவிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அப்படித் தெரியவில்லை. சொல்லிப் பாருங்கள். அம்மா பிறகு தானாக வழிக்கு வருவா.

கூச்சத்துக்கு என் பதில் சின்னது: ஞாயிறு காலை எட்டு மணிக்குப் போங்கள். பெடியள் நித்திரையில் இருப்பார்கள். அந்த நேரத்தில் பார்க்கில் நிற்பவர்கள் பெரும்பாலும் உங்களைப் போல நாற்பதைத் தொட்டவர்களும், பிள்ளைகளோடு வருகிற தகப்பன்மாரும்தான். என்னிடம் சிகிச்சைக்கு வரும் ஸ்கேட்டர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த இடத்தை விட நீங்கள் இளையவர் என்பதையும் யோசியுங்கள். ஹரோ பார்க் 1978இல் கட்டியது. அதே வருடம் ஹோர்ன்சர்ச்சில் கட்டிய ரொம் பார்க்கை 2014இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாகப் பட்டியலில் சேர்த்தார்கள், ஐரோப்பாவிலேயே அப்படிச் சேர்த்த முதல் ஸ்கேட் பார்க் அது. சவுத்பாங்கை 2013இல் கடைத்தெருவாக மாற்றப் பார்த்தபோது அதைக் காப்பாற்றப் போராடியவர்களில் உங்கள் வயதுக்காரர்களும் நிறைய. 2014இல் அந்த இடம் ஸ்கேட்டர்களுக்கே என்று உடன்பாடு வந்தது. நீண்ட காலம் மூடிக்கிடந்த பகுதி ஒன்றையும் திருத்தி 2019இல் திறந்தார்கள். நீங்கள் அதைப் பார்த்திருக்கமாட்டீர்கள். ஹரோ அண்ட் வீல்ட்ஸ்டனில் பேக்கர்லூ ரயில் ஏறினால் மாறாமலே வாட்டர்லூ, பாதை மறந்திருக்காது. முதல் தடவை போர்ட் கொண்டுபோகாமல் மகளோடு சும்மா போய்ப் பாருங்கள்.

ஹரோவில் கிண்ணம் போலக் குழிந்த பகுதிக்குள் இறங்குவதைப் பற்றி ஒரு சொல். விளிம்பில் வாலை வைத்து நின்று இறங்குவது நான்காவது மாதத்துக்கு முதல் வேண்டாம். பயத்தில் உடம்பு பின்னால் சாயும், சாய்ந்தால் பலகை முன்னால் பறக்கும், விழுவது தலையின் பின்பக்கம். இறங்கினால் முழு மனதோடு பாரத்தை முன்காலில் போட்டு இறங்க வேண்டும். அந்த நம்பிக்கை வரும்வரை அடியில் இருந்து மேலே ஓடி ஓடி இறங்குங்கள், முழங்காலை மடித்து நீட்டி வேகம் எடுக்கிற பழக்கம் அதில் திரும்பி வரும்.

கடைசியாக லொஃப்ட்டில் இருக்கிற போர்ட். எறிய வேண்டாம், ஆனால் அப்படியே ஏறவும் வேண்டாம். சில்லைப் பலகையோடு பொருத்துகிற ட்ரக் உலோகம்தானே, அச்சு வளையாமல் இருந்தால் இன்னும் பல வருடம் ஓடும். அதற்குள் இருக்கிற புஷிங் என்ற மெத்தை வளையம் இத்தனை வருடத்தில் கல்லாகியிருக்கும், சாய்ந்தால் திரும்பாது, திரும்பினால் வெடிக்கும். அதை மாற்றச் சில பவுண்தான். பேரிங்கும் துருப்பிடித்திருக்கும், அளவு இன்றைக்கும் அதே 608தான். சில்லு மட்டும் கட்டாயம் புதிது. பெரிதாக, 56 மில்லிமீற்றருக்குக் குறையாமல், மென்மையாக, 78ஏ கடினத்தன்மை அளவில் வாங்குங்கள். கார் பார்க்கில் ஒரு சின்னக் கல்லில் கடினமான சிறு சில்லு தடக்கென்று நின்றால் நீங்கள் மட்டும் முன்னால் போவீர்கள், மென்மையான பெரிய சில்லு அதன் மேல் ஏறிப் போய்விடும். பெரிய சில்லு பலகையில் உரசாமல் இருக்க ட்ரக்குக்கும் பலகைக்கும் இடையில் ரைசர் என்ற தட்டு ஒன்று வைக்கச் சொல்லுங்கள். பலகை உங்கள் காலத்தில் ஏழரை, ஏழே முக்கால் அங்குல அகலம் இருந்திருக்கும். இப்போது எட்டு, எட்டரைதான் சாதாரணம், நிற்பதற்கும் நிதானம் கூட. பழைய ட்ரக் அந்த அகலத்துக்குச் சிறிதாக இருக்கலாம், கடையில் கொண்டுபோய் அளந்து பாருங்கள்.

பழைய பலகையைக் கீழே இறக்கும்போது மகளைக் கூப்பிடுங்கள். பலகையின் மேல் ஒட்டிய கரகரப்பான கிரிப் டேப்பில் உங்கள் சப்பாத்து உரசித் தேய்ந்த இடம் இன்னும் வெளுப்பாக இருக்கும். அப்பாவுக்கு எந்தக் கால் முன்னால் என்று அதைப் பார்த்து அவளே சொல்லட்டும்.